அளவில்லா சினிமா அட்டை: காலி இருக்கை யாருடையது?

பழச்சாறுக் கடை நடத்தும் ஓர் இளம் வியாபாரி அண்மையில் ஒரு யோசனையோடு வந்தார். வாடிக்கையாளர் மாத ஆரம்பத்தில் ஒரு தொகையைக் கட்டிவிட வேண்டும். அதன் பிறகு அந்த மாதம் முழுவதும் விரும்பிய நேரமெல்லாம் வந்து ஜூஸ் குடித்துவிட்டுப் போகலாம். அதற்கென ஓர் அட்டை அச்சடிக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். "அமெரிக்காவில சினிமா தியேட்டர்காரங்களே இப்படித்தான் காட் விக்கிறாங்க நானா. நாங்களும் செஞ்சா என்ன?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். மாதா மாதம் முன்கூட்டியே பணம் வருவதை எந்த வியாபாரிதான் விரும்பமாட்டார்? ஆனால் அவர் கேள்விப்பட்ட அட்டைகளில் ஒன்று, அதை விற்ற கம்பனியை இரண்டரை வருடங்களுக்குள் வங்குரோத்து நிலைக்குக் கொண்டுபோய்விட்டது. இன்னொன்று 20 வருடங்களைத் தாண்டியும் ஓடுகிறது. வாடிக்கையாளரின் கையில் இரண்டும் ஒரே மாதிரியான அட்டைகள்தான். வித்தியாசம் விற்றவரின் கணக்கில் இருக்கிறது. எந்தத் தொழில் செய்பவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய கணக்கு அது.

விற்கப்படாத இருக்கை

உதாரணத்துக்கு 200 இருக்கைகள் உள்ள ஒரு தியேட்டரை எடுத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை பின்னேரக் காட்சிக்கு 30 பேர் மட்டுமே வந்திருக்கிறார்கள். கட்டட வாடகை, குளிரூட்டி, மின்சாரம், ஊழியர் சம்பளம் எல்லாம் 30 பேருக்கும் ஒன்றுதான், 200 பேருக்கும் ஒன்றுதான். இவை நிலையான செலவுகள். காலியாக உள்ள 170 இருக்கைகளை எடுத்து வைத்து சனிக்கிழமை விற்கவும் முடியாது. விற்காத சீனியும் பருப்பும் நாளைக்கும் கடையில் இருக்கும். விற்காத இருக்கையோ காட்சி தொடங்கியதும் பெறுமதி இழந்துவிடும்.

ஆகவே 31 ஆவது ஆளாக ஒருவர் வந்து உட்கார்ந்தால் தியேட்டருக்கு ஏற்படும் மேலதிகச் செலவு மிகச் சிறியது. இன்னும் ஓர் அலகை விற்பதற்கு மேலதிகமாக ஏற்படும் இந்தச் செலவைப் பொருளியலில் எல்லைச் செலவு என்பார்கள். அளவில்லா அட்டையின் அடிப்படையே இதுதான். எல்லைச் செலவு மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் மட்டுமே 'எத்தனை தடவை வேண்டுமானாலும் வாருங்கள்' என்று சொல்ல முடியும்.

இதிலும் ஒரு விடயத்தை மறக்கக் கூடாது. இருக்கை தியேட்டர்காரருடையது, படம் அவருடையதல்ல. டிக்கட் பணத்தில் ஒரு பங்கு படத்தை வெளியிட்டவருக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் மிகப் பெரிய தியேட்டர் கம்பனியான ஏ.எம்.சீ.யின் 2018 ஆம் ஆண்டுக் கணக்குப்படி டிக்கட் வருமானத்தில் ஏறக்குறைய பாதி இவ்வாறு போய்விடுகிறது. மறுபுறம், பொப்கோர்ன், குளிர்பானம் போன்றவற்றில் 100 டொலருக்கு விற்றால் அந்தப் பொருட்களுக்கான செலவு 16 டொலர் அளவுதான். டிக்கட்டில் மெல்லிய இலாபம், தின்பண்டத்தில் கொழுத்த இலாபம். அட்டையோடு அடிக்கடி வருபவர் இருக்கையை நிரப்புகிறார், வெளியே நின்று பொப்கோர்னும் வாங்குகிறார். தியேட்டர்காரருக்கு இது இரட்டை நன்மை.

மூன்றாவது நன்மையும் ஒன்று உண்டு. பணம் கட்டிவிட்டு வராமல் இருப்பவர்களால் கிடைப்பது அது. இதை அழகாகக் காட்டிய ஓர் ஆய்வு 2006 இல் வெளியானது. டெலாவின்யா, மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்காவின் மூன்று உடற்பயிற்சி நிலையங்களின் பதிவேடுகளை ஆராய்ந்தார்கள். மாதம் 70 டொலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்தில் 4.3 தடவைகள் மட்டுமே வந்திருந்தார்கள். அதாவது ஒரு தடவைக்கு 17 டொலருக்கு மேல் விழுகிறது. அதே இடத்தில் பத்துத் தடவைக்கான டிக்கட் வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டொலருடன் முடிந்திருக்கும். நாளை போவோம், நாளை போவோம் என்று எண்ணியே மனிதர் மாதக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

பிரான்ஸில் ஓடிய அட்டை

இந்தக் கணக்கைச் சினிமாவில் பெரிய அளவில் செய்து காட்டியது பிரான்ஸின் யூ.ஜீ.சீ. கம்பனி. 2000 மார்ச் மாதத்தில் அது மாதம் 98 பிராங்குக்கு அளவில்லா அட்டையை அறிமுகப்படுத்தியது. இன்றைய யூரோக் கணக்கில் அது ஏறக்குறைய 15 யூரோ. அட்டை எடுப்பவர் ஒரு வருடத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது நிபந்தனை. இடையில் ஒரு மாதம் மட்டும் எடுத்து நிறையப் படம் பார்த்துவிட்டு விலகிப்போகும் வழியை இந்த நிபந்தனை அடைத்துவிட்டது.

இந்த அட்டையால் முதலில் கலங்கியது சிறிய தியேட்டர்காரர்கள். அட்டை வாங்கியவர் பணம் ஏற்கெனவே கட்டிவிட்டார். இனிப் பக்கத்துச் சிறிய தியேட்டரில் எதற்காக மீண்டும் பணம் கொடுத்துப் படம் பார்க்கப் போகிறார்? அட்டை வாடிக்கையாளரைக் கட்டிப்போட்டுவிடுகிறது என்று அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். படங்களை வெளியிடுவோருக்கு வேறு ஒரு கவலை. டிக்கட்டுக்கு விலையே இல்லை என்றால் தமது பங்கை எதை வைத்துக் கணக்கிடுவது? அதே ஆண்டிலேயே போட்டிக் கம்பனிகளும் தமது அட்டையைக் கொண்டுவந்துவிட்டன.

பிரான்ஸ் அரசாங்கம் அட்டையைத் தடை செய்யவில்லை. ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. 2001 மே மாதச் சட்டத்தின்படி இத்தகைய அட்டைகளுக்கு அந்நாட்டின் சினிமா அதிகாரசபையின் அனுமதி தேவை. பெரிய கம்பனிகள் தமது அட்டைத் திட்டத்தில் சிறிய தியேட்டர்களும் சேர இடங்கொடுத்து, வரும் ஒவ்வொருவருக்கும் உத்தரவாதமான ஒரு தொகையை அவர்களுக்குச் செலுத்த வேண்டும். படத்தின் உரிமையாளருடைய பங்கைக் கணக்கிடுவதற்கு டிக்கட்டுக்கு ஓர் அடிப்படை விலையும் குறிக்கப்பட வேண்டும். அந்த அட்டை இன்றும் பிரான்ஸில் பாவனையில் உள்ளது.

சிறு வியாபாரிகள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரிய கடை ஒன்று அளவில்லா அட்டை விற்கத் தொடங்கினால் அது வெறும் விலைக்குறைப்பு அல்ல. உங்கள் வாடிக்கையாளரின் பணப்பையை மாத ஆரம்பத்திலேயே காலி செய்துவிடும் வேலை அது.

மூவிபாஸ்: வளர்ந்ததால் விழுந்த கம்பனி

இனி அடுத்த கதைக்கு வருவோம். மூவிபாஸ் என்ற கம்பனி 2011 இல் ஸ்டேசி ஸ்பைக்ஸ், ஹமெட் வொட் என்ற இருவரால் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. இதற்குச் சொந்தமாக ஒரு தியேட்டரும் இல்லை. வாடிக்கையாளருக்கு ஒரு மாஸ்டர்காட் அட்டை கொடுக்கும். அவர் தியேட்டருக்கு அருகில் போய் கைத்தொலைபேசியில் படத்தைத் தெரிவு செய்ததும் டிக்கட்டுக்கான பணம் அந்த அட்டையில் விழும். அவர் அதைக் கொடுத்து டிக்கட் வாங்குவார். அதாவது தியேட்டருக்கு முழு விலை போகிறது, அதைக் கட்டுவது மூவிபாஸ்.

2017 ஒகஸ்டில் ஹீலியோஸ் அன்ட் மெதிசன் எனலிடிக்ஸ் என்ற கம்பனி மூவிபாஸின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்க முன்வந்தது. அதே வேளையில் மாதக் கட்டணம் 9 டொலர் 95 சதமாகக் குறைக்கப்பட்டது. அந்தப் பணத்துக்கு நாளுக்கு ஒரு படம் பார்க்கலாம். 2017 இல் அமெரிக்காவில் ஒரு டிக்கட்டின் சராசரி விலை 8 டொலர் 97 சதம்.

இங்கே பேனையை எடுத்துக் கணக்குப் போடுங்கள். வாடிக்கையாளர் மாதம் ஒரு படம் பார்த்தால் மூவிபாஸுக்கு ஒரு டொலர் அளவு மிஞ்சும். இரண்டு படம் பார்த்தால் 17 டொலர் 94 சதம் செலவு, 8 டொலர் அளவு நட்டம். நான்கு படம் பார்த்தால் 26 டொலர் அளவு நட்டம். நியூயோர்க் போன்ற நகரங்களில் டிக்கட் விலை சராசரியை விட மிக அதிகம் என்பதால் முதல் படத்திலேயே நட்டம்.

வாடிக்கையாளர்கள் குவிந்தார்கள். விலை குறைய முன்னர் ஏறக்குறைய 20,000 பேராக இருந்தவர்கள் 2017 டிசம்பரில் ஒரு மில்லியனைத் தாண்டினார்கள், 2018 ஜூன் மாதத்தில் மூன்று மில்லியன். பத்திரிகைகள் புகழ்ந்தன. ஆனால் ஒரு மில்லியன் பேர் மாதம் இரண்டு படம் பார்த்தால் 8 மில்லியன் டொலர் நட்டம், மூன்று மில்லியன் பேர் பார்த்தால் 24 மில்லியன் டொலர் நட்டம். 'ஆளுக்கு நட்டமானாலும் ஆட்கள் கூடினால் சரிவரும்' என்ற கணக்கு உலகில் எங்கும் சரிவந்ததில்லை. 2017 செப்டெம்பர் இறுதியிலிருந்து 2018 ஏப்ரல் வரை மாதம் சராசரியாக 21.7 மில்லியன் டொலர் பணப் பற்றாக்குறை ஏற்பட்டதாகக் கம்பனியே அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தது.

அவர்களது நம்பிக்கை வேறு இடத்தில் இருந்தது. வாடிக்கையாளர் பற்றிய தகவல்களை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம், ஆட்களைக் கொண்டுவந்து சேர்ப்பதற்காகத் தியேட்டர்காரரின் பொப்கோர்ன் இலாபத்தில் பங்கு கேட்கலாம் என்று நினைத்தார்கள். ஏ.எம்.சீ. மறுத்துவிட்டது. மறுக்காமல் என்ன செய்யும்? தனது டிக்கட்டுக்கு முழு விலை ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. காலி இருக்கையை நிரப்பிய நன்மையும் பொப்கோர்ன் இலாபமும் தியேட்டருக்கு. செலவு மட்டும் மூவிபாஸுக்கு. மேலே சொன்ன மூன்று நன்மைகளில் அதன் பக்கம் இருந்தது ஒன்றே ஒன்று: பணம் கட்டிவிட்டு வராதவர்கள். பத்து டொலருக்கு அப்படி வராமல் இருந்தவர்கள் போதவில்லை.

2018 ஜூலை 26 அன்று கம்பனியின் கையில் காசு தீர்ந்தது. வாடிக்கையாளர்கள் தியேட்டர் வாசலில் நிற்க அட்டை வேலை செய்யவில்லை. அவசரமாக 5 மில்லியன் டொலர் கடன் வாங்கினார்கள். அதே மாதத்தில் பங்கு விலை சரிந்ததால் 250 பங்குகளை ஒரு பங்காகச் சுருக்கினார்கள். அடுத்த மாதம் 'நாளுக்கு ஒரு படம்' என்ற வாக்குறுதி 'மாதத்துக்கு மூன்று படம்' ஆனது. 2019 செப்டெம்பர் 14 அன்று சேவை நின்றது. 2020 ஜனவரியில் தாய்க் கம்பனி வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது.

வாக்குறுதியைக் காப்பாற்ற முடியாதபோது நடந்தது இன்னும் மோசம். அதிகமாகப் படம் பார்த்த 75,000 பேரின் கடவுச்சொற்களை, மோசடி இடம்பெற்றுள்ளதாகக் கூறிக் கம்பனி செல்லாததாக்கியது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2021 இல் குற்றஞ்சாட்டியது. முதலீட்டாளர்களை ஏமாற்றியதாகத் தொடரப்பட்ட வழக்கில் மூவிபாஸின் முன்னாள் பிரதம நிறைவேற்று அதிகாரி மிட்ச் லோ 2024 செப்டெம்பரிலும், தாய்க் கம்பனியின் முன்னாள் தலைவர் டெட் பார்ன்ஸ்வர்த் 2025 ஜனவரியிலும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பிழையான விலையில் தொடங்கிய விடயம் நீதிமன்றத்தில் போய் நின்றது.

இருக்கையின் சொந்தக்காரர்கள் செய்தது

மூவிபாஸ் தள்ளாடிக்கொண்டிருந்த 2018 ஜூன் மாதத்திலேயே ஏ.எம்.சீ. தனது சொந்த அட்டையை வெளியிட்டது. அப்போது கட்டணம் மாதம் 19 டொலர் 95 சதமாக இருந்தது. வாரத்துக்கு மூன்று படம் வரை பார்க்க முடிந்தது. விலை மூவிபாஸைப் போல இரு மடங்கு. இருக்கை தன்னுடையது, பொப்கோர்னும் தன்னுடையது. படத்துக்கான பங்கு மட்டும் வெளியே போகும். அளவுக்கும் ஒரு எல்லை வைத்தாயிற்று.

இன்னொரு கம்பனியான சினிமார்க் இன்னும் எச்சரிக்கையாக நடந்தது. 2017 இறுதியில் அது கொண்டுவந்த திட்டத்தில் மாதம் 8 டொலர் 99 சதத்துக்கு ஒரே ஒரு டிக்கட். பயன்படுத்தாவிட்டால் அடுத்த மாதத்துக்குச் சேரும். கூடவே தின்பண்டத்தில் 20 வீதக் கழிவு. கேட்பதற்குக் கவர்ச்சியாக இல்லை. ஆனால் வாடிக்கையாளர் இலாபம் அதிகமுள்ள பொருளை நோக்கி மெல்லத் தள்ளப்படுகிறார் என்பதைக் கவனியுங்கள்.

நமது அயல் நாடான இந்தியாவில் பீ.வீ.ஆர். ஐநொக்ஸ் 2023 ஒக்டோபரில் ஓர் அட்டையை அறிமுகப்படுத்தியது. அப்போது மாதம் 699 இந்திய ரூபாவுக்கு 10 படம் பார்க்க முடிந்தது. ஆனால் திங்கள் முதல் வியாழன் வரை மட்டுமே அது செல்லுபடியானது. வெள்ளி, சனி, ஞாயிறு இருக்கைகள் எப்படியும் முழு விலைக்கு விற்பனையாகும். அவற்றை அட்டைக்காரருக்குக் கொடுத்தால் காசு கொடுத்து வருபவருக்கு இடமில்லாமல் போகும். காலி இருக்கையை மட்டும் அட்டைக்கு விற்பது என்ற பாடத்தை இவ்வளவு தெளிவாகச் செய்து காட்டிய உதாரணம் வேறில்லை எனலாம்.

மூவிபாஸும் இந்தப் பாடத்தைப் பிறகு கற்றுக்கொண்டது. 2018 ஜனவரியில் வெளியேற்றப்பட்ட ஸ்டேசி ஸ்பைக்ஸ் 2021 இல் அந்தப் பெயரை மீண்டும் வாங்கினார். இம்முறை அளவில்லாப் படமல்ல, மாதத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற முறை. கூட்டமான காட்சிக்கு அதிக புள்ளி, கூட்டமில்லாத காட்சிக்குக் குறைந்த புள்ளி. 2023 இல் முதன்முறையாக இலாபம் கண்டதாகக் கம்பனி அறிவித்தது.

முதலில் வருபவர் யார்?

அளவில்லாத் திட்டத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அட்டையை முதலில் வந்து வாங்குபவர் சராசரி வாடிக்கையாளர் அல்லர். யார் அதிகமாகப் பயன்படுத்தப் போகிறாரோ அவரே முதலில் வருவார். தனக்கு இலாபம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

சொந்த இருக்கை வைத்திருந்தவர்களும் இதில் அடிபட்டிருக்கிறார்கள். அமெரிக்கன் எயார்லைன்ஸ் 1981 இல் 250,000 டொலருக்கு வாழ்நாள் முழுவதும் முதல் வகுப்பில் பறக்கும் அட்டையை விற்றது. காசு உடனே வந்தது. ஆனால் வாங்கியவர்களில் சிலர் ஆயிரக்கணக்கான தடவைகள் பறந்தார்கள். 1994 இல் விற்பனை நிறுத்தப்பட்டாலும் விற்ற அட்டைகளைச் சுமக்க வேண்டியிருந்தது. தொகைக்கு எல்லை இல்லாவிட்டாலும் காலத்துக்காவது எல்லை இருக்க வேண்டும் என்பது இதன் பாடம்.

நமது கடைக்கு என்ன பாடம்?

இனிப் பழச்சாறுக் கடைக்கு வருவோம். ஒரு கிளாஸ் ஜூஸ் 300 ரூபா, அதற்கான பழம், சீனி, ஐஸ், கப் எல்லாம் சேர்த்து 180 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மாதம் 15 தடவைகள் வரும் நல்ல வாடிக்கையாளர் இன்று 4,500 ரூபா தருகிறார். அதில் 1,800 ரூபா கடைக்கு மிஞ்சுகிறது. அதே 4,500 ரூபாவுக்கு அளவில்லா அட்டை கொடுத்தால் அவர் தினமும் வருவார். 30 கிளாஸுக்குச் செலவு 5,400 ரூபா. 1,800 இலாபம் 900 ரூபா நட்டமாக மாறுகிறது. பக்கத்துக் கடைப் பையன் நாளுக்கு இரண்டு தடவை வந்தால் செலவு 10,800 ரூபா. ஜூஸ் காலி இருக்கை அல்ல. ஒவ்வொரு கிளாஸுக்கும் சந்தையில் பழம் வாங்கியாக வேண்டும். இந்த வியாபாரத்தில் அவர் தியேட்டர்காரர் அல்லர், மூவிபாஸ்.

ஆகவே அளவில்லா அட்டை பற்றி யோசிக்கும் எவரும் முதலில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும்.

1. வாடிக்கையாளர் இன்னும் ஒரு தடவை வந்தால் எனக்கு எவ்வளவு செலவு? உள்ளக பட்மின்டன் மைதானம், வாகனத் தரிப்பிடம், உடற்பயிற்சி நிலையம் போன்றவற்றில் இது மிகக் குறைவு. உணவு, பானம், தையல், சலூன் போன்றவற்றில் பொருளோ ஆளின் உழைப்போ ஒவ்வொரு தடவையும் செலவாகும்.

2. எந்த நேரத்தில் எனது இடம் காலியாக இருக்கிறது? அட்டை அந்த நேரத்துக்கு மட்டும் செல்லுபடியாகட்டும்.

3. வந்தவர் வேறு எதை வாங்குவார்? அட்டையால் வரும் நெரிசலுக்கு ஈடு செய்யும் பொப்கோர்ன் எனது கடையில் எது?

4. மிக அதிகமாகப் பயன்படுத்தும் ஒருவரை என்னால் தாங்க முடியுமா? சராசரியை வைத்தல்ல, அவரை வைத்தே விலையைப் போட்டுப் பாருங்கள்.

இவற்றோடு ஐந்தாவதாக ஒரு எச்சரிக்கை. அட்டைக்கு முன்கூட்டி வரும் பணம் வருமானமல்ல, கடன். இன்னும் கொடுக்காத சேவைக்காக வாங்கிய காசு அது. அதை எடுத்து அலுமாரி செய்வதும் பழைய பாக்கியைத் தீர்ப்பதும் மாத நடுவில் கடையைச் சிக்கலில் மாட்டும். தனியாக வைத்து, நாட்கள் கழியக் கழிய மட்டும் இலாபக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இளம் வியாபாரிக்குச் சொன்ன ஆலோசனை சுருக்கமானது. அளவில்லா அட்டை வேண்டாம். 9 கிளாஸின் விலையான 2,700 ரூபாவுக்கு 10 கிளாஸ் தரும் அட்டையை அச்சடிக்கலாம். செலவு 1,800, மிச்சம் 900. சாதாரணமாக விற்றால் 1,200 மிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் கடை வெறிச்சோடிக் கிடக்கும் காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் மட்டும் செல்லுபடியாகும் என்று வைத்தால், முன்னர் அந்த நேரத்தில் வராதவர் வருவார். வந்தவர் ஒரு ரோல்ஸோ கட்லட்டோ வாங்காமல் போகமாட்டார். வாக்களித்த பத்துக் கிளாஸையும் முகம் சுளிக்காமல் கொடுக்கவும் முடியும்.

அவர் சற்று ஏமாற்றத்தோடுதான் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கல்குலேட்டரை எடுத்துத் தானே கணக்குப் போட்டுப் பார்த்தார். அட்டை அச்சடிக்கும் வேலையை ஒரு வாரம் தள்ளி வைத்து, முதலில் எந்த மணித்தியாலத்தில் எத்தனை கிளாஸ் விற்பனையாகிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.